கயிறு கட்டும் மாதம்

புந்தா அரெனாஸில் அக்டோபர் வந்தால்
நகராட்சி ஆட்கள் சதுக்கத்து முனையில்
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டுவார்கள்,
காற்று ஆளைத் தூக்கிப் போகாமலிருக்க.

இந்த வருடம் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த காலையில்தான்
எனக்குத் தெரிந்தது.
தெரிந்தது என்பதுகூடச் சரியில்லை.
பேக்கரியில் நின்றிருந்தேன், ரொட்டிக்கு வாசனை இல்லை.
சளியா நெவென்கா, என்றாள் கடைக்காரி.
ஆமாம் என்றேன். சுலபமாக இருந்தது.

பதினோரு வருடம்.
காலை ஏழு மணி, பாதி டம்ளர் தண்ணீர்,
நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரை.
அண்ணன் யெர்கோவின் கல்யாணத்தன்றும்,
கடைவாய்ப்பல் பிடுங்கிய அன்றும்,
மின்சாரம் போன அந்த நாலு நாளும்
மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

பழைய நான் ஜலசந்தியைத் தாண்டி
போர்வெனீரில் குடியேறிவிட்டாள் என்றிருந்தேன்.
இந்தக் கரையில் படகு டிக்கெட் விற்பவள் நானே.
திரும்பி வர
அவளுக்கு யார் விற்றது?

குளிர்காலத்தின் மேல் பழி போட முடியாது,
அது முடிந்துவிட்டது.
வேலை மேல் போடலாம்.
வயது நாற்பத்தாறின் மேல் போடலாம்.
மாத்திரையின் மேல் போட மட்டும்
நாக்கு வரவில்லை, பயத்தில்;
கூடவே இருந்தவரைச் சந்தேகிப்பது போல.

டாக்டர் உயோவா காகிதத்தைப் பார்க்காமல்
என்னைப் பார்த்துக் கேட்டார்:
எப்போதிலிருந்து?
கடல் எந்த நிமிடத்தில் இறங்க ஆரம்பித்தது என்று
கரையில் நிற்பவளைக் கேட்பது போல.
சேறு தெரிந்தபோதுதான் பார்த்தேன், டாக்டர்.
சில சமயம் இப்படி ஆகும் என்றார்.
ஏன் என்று முழுதாகத் தெரியாது என்றார்.
அவர் அதைச் சொன்னது பிடித்திருந்தது.
ரத்தம் எடுக்க ஒரு சீட்டு.
அளவில் கொஞ்சம் கூடுதல்.
ஆறு வாரம் பொறுங்கள்,
நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி
வேலைக்கு வராத ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று
டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டேன்.
அரை மணி கழித்து
உருளைக்கிழங்குத் தோலுக்கு நடுவில் கைவிட்டு எடுத்தேன்.
துடைத்தேன்.
ஒரியானாவுக்குப் போன் செய்து
டப்பா ஈரமாகிவிட்டது என்றேன்.
வேறெதுவும் சொல்ல வரவில்லை.
வருகிறேன் என்றாள்.

நண்டு ஆலையில் இரவுப் பணி முடித்து
ரப்பர் பூட்ஸோடு வந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
மீதி உருளைக்கிழங்கை உரித்தாள்,
சம்பளப் பாக்கி பற்றி மேஸ்திரியைத் திட்டினாள்,
டப்பாவைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.
அதிலிருந்து தினமும் காலை ஆறே முக்காலுக்கு
அவள் தட்டும் சத்தம்,
உள்ளங்கையில் ஒரு மாத்திரை,
ஏதோ கடன் திருப்புகிறவள் மாதிரி.

தலை குளிக்காத நாட்கள் உண்டு.
சில்லறையைத் தப்பாக எண்ணி
ஒரு லாரிக்காரரிடம் ஏச்சு வாங்கிய நாள் உண்டு.
வேலைக்குப் போகும்போது
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.
எதிரே டை கட்டிய வங்கி அதிகாரியும்
அதே கயிற்றில் வருகிறார்.
ஒருவரையொருவர் தாண்ட
ஒரு கை மாற்ற வேண்டியிருக்கிறது,
அப்போது கொஞ்சம் சிரிக்கிறார்.
இங்கே யாரும் அதற்கு வெட்கப்படுவதில்லை.

ஐந்தாவது வாரம், வியாழன்.
ஒரியானா கை நீட்டினாள்.
போய்க் கையைக் கழுவு, நாறுகிறது என்றேன்.
இருவரும் அப்படியே நின்றோம்.
அவள் வேண்டுமென்றே
இன்னொரு முறை மூக்கருகே கொண்டுவந்தாள்.

வெள்ளிக்கிழமை ரொட்டி மறுபடி வெறும் ரொட்டி.
டாக்டரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்,
வியாழனையும் வெள்ளியையும்.

இன்று காற்று மணிக்கு நூறைத் தாண்டிவிட்டது.
கவுண்டருக்கு வெளியே பலகையில்
வழக்கமாக எழுதுவதை எழுதினேன்.
ஆட்டுக்கம்பளி மூட்டையோடு ஒரு கிழவர்
கண்ணாடியில் தட்டிக் கேட்டார்:
நாளைக்காவது போகுமா, அம்மா?
எழுதியிருக்கிறதே என்று காட்டினேன்.
படிக்கக் கண்ணாடி இல்லை என்றார்.
அதனால் வாய்விட்டு வாசித்தேன்:
இன்று படகு இல்லை.
நாளை காலை ஆறு மணிக்குப்
பார்த்துச் சொல்கிறோம்.